கேன்டீனில் உட்காரும் அம்மா

கிளேபாங் வழியாகப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருபது வயது மதிக்கத்தக்க பையன் தன் அம்மாவிடம் சொன்னான்.

"காலேஜ்ல எனக்குப் பெரிய தொந்தரவே நீங்கதாம்மா. மிஸ்கிட்ட சொல்லிட்டேன்."

"எந்த மிஸ்கிட்டடா?"

"ஆராய்ச்சி பண்றாங்களே, அந்த மிஸ். ஆட்டிசம் உள்ள பிள்ளைங்களுக்குக் காலேஜ்ல என்ன உதவி வேணும்னு கேட்டாங்க. அம்மா கேன்டீன்ல வந்து உக்காரக்கூடாதுன்னேன்."

"அடப்பாவி! எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதிட்டுச் சிரிச்சாங்க."

"உனக்காகவா உக்கார்றேன்? அங்க மீகோரேங் நூடுல்ஸ் நல்லா இருக்குலா."

"தினமுமாம்மா?"

"சரி, நீ தனியா வந்து தூங்கிட்டேன்னா? ஸ்டாப்பைத் தாண்டிட்டேன்னா?"

"தாண்டமாட்டேன். பெட்ரோல் ஸ்டேஷன் வந்ததும் மணி அடிப்பேன்."

அம்மா எழுந்து மணி அடித்தார். "இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்லா" என்று சொல்லி, மகனைத் தனியாக விட்டுவிட்டு, கிளேபாங்குக்கு முன்பே இறங்கிவிட்டார்.

பள்ளியில் படிவம் மூன்றோடு படிப்பை விட்டவன் நான். ஆராய்ச்சியெல்லாம் தெரியாது, கவலைப்பட மட்டும் நன்றாகத் தெரியும். அவன் தூங்கிவிடுவானோ என்று பின்மண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் ஸ்டேஷன் வந்ததும் சரியாக மணி அடித்து இறங்கிப் போனான்.

நான் இறங்க வேண்டிய கிளேபாங்தான் எப்போதோ தாண்டிப் போயிருந்தது.