நேசம்மாள் பெயரில் ஒரு புகைக்கொட்டகையா?

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகக் குழுத் தலைவர் டாக்டர் ராஜமணி அவர்களே, ஜெபத்தோடு கூட்டத்தைத் தொடங்கிவைத்த போதகர் அவர்களே, வார்டு வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்திருக்கும் செவிலியர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் நேசம்மாளின் மகள் ரெஜிலா அவர்களே, உங்கள் அனைவருக்கும் மருந்தகத்து ஜான்ரோஸின் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள், மறைந்த தலைமைச் செவிலியர் நேசம்மாள் அவர்களைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். யார் சொன்னது? நேசம்மாள் பொறுமைசாலியே அல்ல! தப்பு என்று பட்டால் அந்த இடத்திலேயே கேட்டுவிடுகிற பெண் அவர். கேட்டதற்கான பலனை அனுபவித்தவரும் அவர்தான். இறந்துபோனார் என்பதற்காக அவரை நாம் சாதுவாக்க வேண்டாம்.

2008 அக்டோபரில் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வந்தது. நம் மருத்துவமனையிலும் வாசலுக்கு வாசல் பலகை மாட்டினோம், படம் எடுத்தோம், பத்திரிகைக்குக் கொடுத்தோம். நமக்கு அது பலகை. நேசம்மாளுக்கு அது சட்டம்! ஆண்கள் வார்டில் தலையணைக்கு அடியில் பீடி வைத்திருப்பவரிடம் அதை வாங்கிக்கொண்டு, இரண்டு கிராம்பைக் கையில் கொடுப்பார். இழுக்க வேண்டும்போல் இருந்தால் மென்றுகொள்ளச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். நோயாளி யாரையும் அவர் திட்டி நான் பார்த்ததில்லை.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மரியான் என்றொரு மீனவர் நெஞ்சுச் சளியோடு வந்து சேர்ந்தார். அவரிடமும் பீடியைக் கேட்டார் நேசம்மாள். மரியான் கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த டாக்டர் அறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"சிஸ்டரே, அந்தா ஒங்க டாக்டரு சிகரெட்டு வலிச்சிட்டு நிக்காரு. அவரு வலிச்சா ஒண்ணும் இல்ல, நான் வலிச்சாத்தான் குத்தமா? எனக்கொரு ஞாயம், அவருக்கொரு ஞாயமா?"

வார்டே சிரித்தது. நேசம்மாள் சிரிக்கவில்லை. "நீரு கேட்டது சரிதான் அண்ணா. இப்பமே போய்க் கேக்கேன்" என்றார்.

போனார்! அன்றைய தலைமை அறுவை மருத்துவரின் அறைக்கே போனார். அந்த மருத்துவர் யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேடையில்தான் இருக்கிறார். "சிஸ்டர், இது என் ரூம்" என்றீர்கள் டாக்டர். "ரூம் ஒங்களதுதான் சார். பொகை எல்லா ரூமுக்கும்லா வருது" என்றார் அவர்.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. நிர்வாக நலன் கருதி, வார்டையே கட்டி ஆண்ட செவிலியர் சலவைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அழுக்குப் போர்வை எண்ணிக் கொடுப்பதற்கா அவர் செவிலியம் படித்தார்? கடைசி நாள்வரை அங்கேதான் இருந்தார். அங்கே வேலையில் நிற்கும்போதுதான் மாரடைப்பு வந்து விழுந்தார். அவரை அங்கே அனுப்பிய கையோடு, ஆண்கள் வார்டை ஒட்டித் தகரக் கூரை போட்டு ஒரு கொட்டகை எழுப்பினோம். 'ஊழியர் ஓய்விடம்' என்று பெயர். அங்கே யாரும் ஓய்வெடுத்து நான் கண்டதில்லை. புகைதான் விடுகிறார்கள். அது நேரே நெஞ்சு நோயாளியின் கட்டிலுக்குப் போகிறது.

போன வியாழக்கிழமை அடக்கத்துக்கு நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். ஏற்பாடெல்லாம் நம் ஊழியர் சங்கம்தான். பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, ஒரு குறையும் இல்லை. துக்க வீடு என்றால் வாசலில் தட்டு வைக்க வேண்டுமே, அதையும் வைத்தார்கள். வெற்றிலை, பாக்கு, பீடிக்கட்டு, சிகரெட், தீப்பெட்டி. யார் வீட்டு வாசலில் வைக்கிறோம் என்று ஒருவருக்குமே தோன்றவில்லையா? உள்ளே நேசம்மாள் கிடக்கிறார். வெளியே நம் ஆட்கள் பற்றவைக்கிறார்கள்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ரெஜிலா வந்து அந்தத் தட்டைத் தூக்கினார். உறவுக்காரர் ஒருவர் தடுத்தார்.

"ஏட்டி, வந்தவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"உள்ள கெடக்குற எங்க அம்மைக்கு மரியாதை வேண்டாமா மாமா?"

தட்டை வாளித் தண்ணீரில் கவிழ்த்துவிட்டு ரெஜிலா உள்ளே போனார். அப்போதும் காதில் செருகியிருந்த பீடியை எடுக்காமல் நின்றவர்கள் உண்டு. இந்த அரங்கிலும் இருக்கிறார்கள்.

பழக்கதோஷம், தெரியாமல் நடந்துவிட்டது என்று அன்றைக்கு மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் சற்று முன் தலைவர் அவர்கள் என்ன அறிவித்தார்? அந்தக் கொட்டகைக்கு டைல்ஸ் போட்டு, 'நேசம்மாள் நினைவு ஓய்விடம்' என்று பெயர் வைத்து, உள்ளே அவர் படத்தை மாட்டப் போகிறார்களாம். நீங்கள் கைதட்டினீர்கள்! உயிரோடு இருந்தபோது அவரைப் போர்வை எண்ண வைத்தோம். செத்த பிறகு அவர் முகத்தில் புகை விடப் போகிறோமா? இதற்கா கைதட்டினீர்கள்?

அவர் விட்ட பணியைத் தொடருவோம் என்று ஒவ்வொருவரும் இங்கே உறுதி சொன்னார்கள். என் உறுதி சிறியது. நாளைக் காலை வேலைக்குக் கையெழுத்துப் போடும் முன்பே அந்தக் கொட்டகைக்கு வந்துவிடுவேன். கடப்பாரை என்னுடையது. ஆள் சேர்ந்தால் சந்தோஷம், சேராவிட்டால் வேலை கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். தலைவர் அவர்களே, எனக்கும் மாற்றல் உத்தரவு தயாராகும் என்று தெரியும். கொடுத்தனுப்புங்கள். கூரையை இறக்கிவிட்டு வாங்கிக்கொள்கிறேன்.