வாசற்கல் இல்லாத பாதை

இருபுறமும் கடல் இரைந்திட, இடையிலே எழுந்து நிற்கும் நம் மலைக்கு என் முதல் வணக்கம். கோட்டின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு வியர்வையில் வீற்றிருக்கும் ஸ்டீன்ஹூக் சைக்கிள் சங்கத் தலைவர் அங்கிள் நெவில் அப்பொலிஸ் அவர்களே. கிள்ளிக் கொடுக்காமல் நமக்கு ஒரு பாதையையே அள்ளிக் கொடுத்த வள்ளல் வான் ஹேர்டன் அவர்களே. வள்ளலின் காதோரமாக நாற்காலியை நகர்த்திப் போட்டிருக்கும் அவருடைய மேலாளர் டேரில் அவர்களே. விடிந்ததும் கூக்சிஸ்டர் பொரித்து, பாகு காயாத கையோடு முன்வரிசைக்கு வந்துவிட்ட தாய்மார்களே. தென்கிழக்குக் காற்றுக்குத் தொப்பியைக் கொடுக்க மறுத்து நிற்கும் பெரியோர்களே. முழங்காலில் தழும்பு இல்லாத ஒருவர்கூட இல்லாத என் சைக்கிள் சொந்தங்களே. கண்டெய்னர் பெட்டிக்குள் கடை வைத்து உங்கள் சைக்கிள்களைப் பழுது பார்க்கும் மெர்ல் ஜாஃப்தாவின் வணக்கம்.

என்னை நன்றியுரை சொல்ல அழைத்தார்கள். கத்தரிக்கோலையும் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் சிவப்பு நாடா, நாடாவுக்குப் பின்னால் புதுப் பாதை. சொல்கிறேன், நன்றி சொல்லத்தான் போகிறேன். ஆனால் யாருக்கு, எதற்கு என்று தெரிந்துகொண்டு சொல்வதுதானே முறை? என் கடைக்குப் பளபளவென்று ஒரு சைக்கிள் வந்தால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். முதல் வேலையாகத் தலைகீழாய்க் கவிழ்த்துப் பார்ப்பேன். சந்தேகப்படுவது என் தொழில். அதில்தான் எனக்குச் சோறு.

நாம் பாதை போட்ட கதையை எண்ணிப் பாருங்கள். சனிக்கிழமை தோறும் மண்வெட்டியும் கடப்பாரையும் தூக்கிக்கொண்டு மலையேறினோம். பாறை மறித்தால் வளைந்தோம். புரோட்டியா பூத்து நின்றால் நெளிந்தோம். மலை விட்ட வழியில் நடந்தோம்; மழை ஓடும் பக்கம் சரித்தோம். ஒரு சைக்கிள் போகும்போது எதிரே இன்னொன்று வந்தால் யாராவது ஒருவர் இறங்கி ஒதுங்கி, "நீங்க போங்க" என்று சொல்லியாக வேண்டும். அவ்வளவுதான் அகலம். அந்த அகலத்துக்குள் நம் ஊரே ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் பழகியது.

பாதை முடிந்ததும் என்ன வைப்போம்? காதில் விழவில்லை, கடைசி வரிசை உரக்கச் சொல்லட்டும். ஆம், வாசற்கல். பாதையின் வாயில் இரண்டு பெரிய கற்கள், நடுவே ஒரு ஹேண்டில்பார் நுழையும் இடைவெளி. சைக்கிள் நுழையும். நடப்பவர் நுழைவார். ஷரீஃபா ஆண்ட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைவார். கோபிக்காதீர்கள் ஆண்ட்டி, இப்போதெல்லாம் நானும் அப்படித்தான் நுழைகிறேன். ஆனால் கார் நுழையாது, லாரி நுழையாது. வாசற்கல் வைக்காத ஒன்றை இந்த ஊரில் யாரும் பாதை என்று சொன்னதில்லை.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை வள்ளல் வந்தார். கூக்சிஸ்டர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது, நான் மெஷின் தர்றேன்" என்றார். நம் கண் கலங்கிற்று. நான் முதல் ஆளாய்க் கைதட்டினேன். மெஷின் வந்தது, மண் பறந்தது, மலையின் இடுப்பில் ஒரு பட்டை உரிந்தது. முடிந்ததும் நானும் ஷரீஃபா ஆண்ட்டியும் ஏறிப் பார்த்தோம். ஆண்ட்டி நடுவில் நின்று இரு கையையும் விரித்தார். எந்தப் பக்கமும் எட்டவில்லை.

"மெர்ல், இது சைக்கிள் பாதையா?"

"அப்படித்தான் சொல்றாங்க, ஆண்ட்டி."

"என் தம்பி டவுன் பஸ் ஓட்டுறான். அவன் இந்த வளைவுல ஒரு கையால ஸ்டீயரிங்க ஒடிச்சுத் திருப்பிடுவான். இன்னொரு கைல டீ இருக்கும்."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே குனிந்து பார்த்தேன், சிரிப்பு நின்றது. ஏன் இந்தப் பாதைக்கு அடியிலே குழாய் போகிறது? ஏன் ஓரத்திலே சாக்கடை வெட்டியிருக்கிறது? ஏன் ஜல்லி கொட்டி உருளை ஓட்டியிருக்கிறது? சைக்கிள் டயரின் கனம் எவ்வளவு, ஐயா? நம்மிலே கனத்தவர் அங்கிள் நெவில். அவரையும் அவர் சைக்கிளையும் சேர்த்துத் தாங்க இத்தனை ஜல்லி எதற்கு?

ஒரு சீட்டு வருகிறது. "சுருக்கவும்" என்று தலைவர் எழுதியிருக்கிறார். சுருக்கத்தான் சொல்கிறேன் தலைவரே, பாதையை.

டேரில் அவர்களிடம் போய்க் கேட்டேன். சிரித்த முகம், பாவம். "மேடம், யாராவது விழுந்தா ஆம்புலன்ஸ் வரணும்ல?" என்றார். என்ன கருணை, என்ன கரிசனம். நம் தெருவுக்குள் வரவே ஊரெல்லாம் வழி கேட்கும் ஆம்புலன்ஸ், இனி மலையுச்சிக்கு வரப்போகிறது. நம் சங்கத்து ஃபாடியல் மலையில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தபோது கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தவர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள். வழியெல்லாம் அவன் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தான். ஆனாலும் வந்து சேர்ந்தான்.

சரி, ஆம்புலன்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். இந்தப் பாதை எங்கே போய் முடிகிறது? நம் பாதைகள் எல்லாம் சுற்றித் திரும்பும்; ஏறினவன் இறங்கி வீடு வருவான். இதுவோ நேரே மேலே போய், இரண்டு பக்கமும் கடல் தெரியும் அந்தச் சமதரையில் சட்டென்று நின்றுவிடுகிறது. நிற்கும் இடத்தில் வட்டமாக ஒரு திருப்பம். சைக்கிள்காரர் அங்கே போய் என்ன செய்வார்? கடலைப் பார்த்து, காற்று வாங்கி, வீட்டுமனைக்குக் குறி வைப்பாரா?

சமாதானமாகப் போவோம் என்றுதான் நம் வழக்கப்படி வாசற்கல் வைத்தோம். ஏழெட்டுப் பேர் சேர்ந்து, மூச்சு வாங்க உருட்டி வந்து வைத்தோம். மறுநாள் காலையில் இரண்டும் ஓரமாகக் கிடந்தன. மீண்டும் வைத்தோம். மீண்டும் ஓரமாகக் கிடந்தன. டேரில் அவர்கள் வந்து பார்த்தார்.

"பபூன் குரங்கு உருட்டியிருக்கும் மேடம். இந்தப் பக்கம் அதுங்க தொல்லை ஜாஸ்தி."

"உருட்டின தடமே இல்லையே, டேரில்?"

"தூக்கியிருக்கும்."

பபூனை நமக்குத் தெரியாதா? ஜன்னல் வழியாக வந்து ரொட்டி எடுக்கும், ஃபிரிட்ஜைத் திறக்கும், நம்மைப் பார்த்துக்கொண்டே தின்னும். ஆனால் சாப்பிட முடியாத ஒன்றை இரண்டு முறை தூக்கிச் சுமந்து ஓரமாக அடுக்கி வைக்கும் ஒழுக்கமான பபூனை இந்தக் கேப் தீபகற்பத்தில் யாராவது பார்த்ததுண்டா? புல்டோசர் ஓட்டத் தெரிந்த பபூனைப் பார்த்ததுண்டா?

இரண்டாவது சீட்டு. இதைப் படிக்க மாட்டேன், பையில் போட்டுக்கொள்கிறேன்.

மறுபக்க விரிகுடாவை மறந்துவிட்டீர்களா? அங்கேயும் முதலில் வந்தது ஒரு நடைபாதைதான். அதுவும் அன்பளிப்புதான். அங்கேயும் நாடா வெட்டினார்கள், கைதட்டினார்கள். பாதை அகலமாயிற்று, வீடுகள் வந்தன, கடைசியில் கேட் வந்தது. என் தம்பி க்ளின்ட் அங்கேதான் மீன் பிடிப்பான். ஒரு நாள் தூண்டிலோடு போனபோது கேட்டில் நின்ற காவலாள் மறித்தான். அந்தக் காவலாளும் நம் தெருப் பையன்தான்.

"யாரைப் பாக்கணும், அண்ணே?"

"கடலைப் பாக்கணும்."

"வீட்டு நம்பர் சொல்லணுமே."

"கடலுக்கு ஏதுடா நம்பர்?"

"நம்பர் இல்லாம விட்டா என் வேலை போயிடும், அண்ணே."

க்ளின்ட் திரும்பி வந்துவிட்டான். அந்தத் தூண்டில் என் கடைச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. இனி வெள்ளையருக்கு மட்டும் என்று சொல்லி, நம் பெற்றோரைத் துறைமுக ஊரிலிருந்து லாரியில் ஏற்றி இங்கே இறக்கியபோதும், நல்ல வீடு, நல்ல காற்று என்று ஒருவர் சிரித்த முகத்தோடுதான் சொன்னாராம். முன்வரிசைத் தாய்மார்கள் தலையசைக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு சாட்சி போதும்.

வள்ளலே, உங்களைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. என் சந்தேகம் பொய்யாகப் போனால் என்னைவிட மகிழ்பவள் இந்த மலையில் இருக்க மாட்டாள். அதனால்தான் மேடைக்குக் கீழே பாருங்கள், அதே இரண்டு கற்கள், தள்ளுவண்டியில் காத்திருக்கின்றன. குழியும் தோண்டி வைத்திருக்கிறோம், இந்த முறை பாதிக்கல் மண்ணுக்குள் இறங்கும். ஊர் பார்க்க, நீங்கள் வந்து முதலில் கை வையுங்கள். ஒரு ஹேண்டில்பார் இடைவெளி விடுவோம். இது சைக்கிள் பாதை என்றால் உங்களுக்கு நட்டமென்ன? வைத்த கணமே நாடாவை வெட்டுகிறேன். நன்றி என்ற சொல்லை நாக்கு நோகும்வரை சொல்கிறேன்.

டேரில் குனிந்து ஏதோ சொல்கிறார். வள்ளல் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். என்ன சொல்கிறீர்கள், ஐயா? அடுத்த வாரமா? கல் அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமாம், இன்று நாடா மட்டும் போதுமாம்.

கேட்டீர்களா, ஊரே? கேட்டுக்கொண்டீர்களா?

அப்படியானால் கத்தரிக்கோலும் அடுத்த வாரம்தான். இதோ, மேசைமேல் வைத்துவிட்டேன்.

பொறுங்கள், தலைவர் எழுந்துவிட்டார். அடுத்த சீட்டு என்று நினைத்தேன். கையில் சீட்டு இல்லை. அங்கிள் நெவில் கோட்டைக் கழற்றுகிறார். அதை வள்ளலின் பக்கத்து நாற்காலியில் மடித்துப் போடுகிறார். படியிறங்குகிறார். தள்ளுவண்டியின் பிடியைப் பிடித்துவிட்டார்.

என்னை நன்றி சொல்லத்தானே அழைத்தீர்கள்? யாருக்கு என்று இதுவரை தெரியாமல் திண்டாடினேன், இப்போது தெரிந்துவிட்டது. அங்கிள் நெவில், உங்களுக்கு நன்றி. சீட்டைப் படிக்காததற்கு மன்னிப்பு. கூக்சிஸ்டர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுகிற தாய்மார்களே, உங்களுக்கும் நன்றி. மைக்கை வைத்துவிட்டு நானும் இறங்கி வருகிறேன். அந்தக் கல் ஒற்றை ஆளுக்குக் கனம். வணக்கம்.