எழுத்து முடியட்டும்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மகள் மஹ்விஷைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்வரி பேகம் அம்மா அவர்களே, அவர் மகன் ஃபராஸ் அவர்களே, நம் பாடம் எழுதும் குழுவின் நண்பர்களே, வணக்கம்.

பொறியாளர் மஹ்விஷ் அவர்கள் நமக்கு என்ன செய்தார்? நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். கரும்பலகையை வைத்துத்தான் சொல்லத் தெரியும். ஒரு சொல் தவறினால் பலகை முழுவதையுமா அழிப்போம்? அந்தச் சொல்லை மட்டும்தானே! நாம் ஆளுக்கொரு வீட்டில் இருந்துகொண்டு ஒரே பாடத்தை எழுதுகிறோம். ஒருவர் செய்த மாற்றம் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும். திரையில் அந்த இடம் மட்டும் தானாக மாற வேண்டும். பகிர்ந்த ஆவணத்தையும் இணையப் பக்கத்தையும் இணைக்கும் அந்தப் பாலத்தைக் கட்டியவர் மஹ்விஷ்!

முதலில் பாலம் ஆடியது. கோட்டூர்புரம் நூலகத்து வாசலில் ஷீலா டீச்சர் போட்ட சத்தம் நினைவிருக்கிறதா?

"ஏம்மா, நான் 'கொ' அடிக்கிறதுக்குள்ள தி.நகர்ல நீரஜா ஒரு கமா வைக்கிறா, எல்லாம் பிச்சிக்கினு போவுது! கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கெடக்குது!"

மஹ்விஷ் விழுந்து விழுந்து சிரித்தார். "சாரி டீச்சர், இங்கிலீஷ்ல அடிச்சே டெஸ்ட் பண்ணிட்டேன். அதுக்குக் கொம்பும் இல்ல, காலும் இல்ல!"

பிறகு ஒரு விதி எழுதினார். ஒருவர் அடிக்கும் எழுத்து முடியும்வரை மற்றவர் மாற்றம் வெளியே காத்திருக்கும். 'எழுத்து முடியட்டும்' என்றே அதற்குப் பெயரும் வைத்தார்.

மருத்துவமனைக்கும் 'விதை' பாடத்தை லேப்டாப்பில் எடுத்துப் போனார். அங்கே நெட் கிடைக்காமலே எழுதினார். அவர் மறைந்தபின், எழுதியதும் போய்விட்டது என்று எண்ணி, அந்தப் பாடத்தை நானே எழுதத் தொடங்கினேன். "எம் பொண்ணு எழுதினது எங்க சார்?" என்று அம்மா கேட்டார்.

சென்ற வெள்ளிக்கிழமை ஃபராஸ் அந்த லேப்டாப்பை வீட்டில் திறந்தார். நெட் கிடைத்ததும், அதில் காத்திருந்த மஹ்விஷின் வரிகள் என் திரையில் வந்தன! என் வரிகளில் ஒன்றைக்கூடத் தள்ளிவிடவில்லை. பக்கத்தில் வந்து அமர்ந்தன. கடைசி வரி இது: "விதை முளைக்க, நாம் கொ".

அம்மா, கொம்பும் இருக்கிறது, காலும் இருக்கிறது. எழுத்து முடிந்திருக்கிறது, சொல்தான் முடியவில்லை. 'கொஞ்சம்' என்று நினைத்தாரா? 'கொடுக்க' என்று நினைத்தாரா? யாருக்குத் தெரியும்!

பாலத்தை இனி நம் குழுவின் கீர்த்தி பார்த்துக்கொள்வார். பாடத்தை நாங்கள் முடிப்போம். அந்த ஒரு வரியை மட்டும் முடிக்கமாட்டோம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, 'கொ'வுக்குப் பிறகு அது கோடிட்ட இடமாக இருக்கும். பிள்ளைகள் நிரப்பட்டும்.