தண்ணீர்த் தொட்டி மூலை

வெயிலுக்கு அஞ்சாமல் தலைமையேற்று அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, எனக்கு முன் அழகாகப் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்ட பெரியோர்களே, பிள்ளைகளை எழுப்பி எழுப்பியே குரல் கம்மிப்போன தாய்மார்களே, நான் எப்போது முடிப்பேன் என்று மைதானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

இன்னும் அரை மணியில் ஓட்டப் பந்தயம். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் வரலாறு கற்பிப்பவள். உடற்பயிற்சி ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் அவருடைய விசில் என் கழுத்துக்கு வந்தது. விசில் வந்தது, வித்தை வரவில்லை.

நம் மைதானத்து மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் பின்னால் ஓடுகிறவர்கள் பத்து விநாடி என் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். அந்தப் பத்து விநாடியில்... பின்வரிசையில் ஏன் சிரிப்பு? ஓ, உங்களுக்கும் அந்த மூலை தெரியுமா?

மூலைவரை போகாமல், தொட்டியை ஒட்டியே குறுக்கே வெட்டிவிடுவார்கள். அதில் கைதேர்ந்தவள் ஒருத்தி. தோழிகள் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். அவளுடைய நேரம் நாளுக்கு நாள் குறைந்தது. நான் நாளுக்கு நாள் பூரித்தேன்.

சென்ற ஆண்டுப் பந்தயம் வேறொரு பள்ளியில். அங்கே தொட்டி இல்லை. நான்கு சுற்றில் மூன்றாவதிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"எக்ஸ்பிரஸுக்கு சிக்னல் விழல போல!" என்றாள் ஒருத்தி.

எக்ஸ்பிரஸ் அழுதுகொண்டே சொன்னாள்: "மிஸ், இங்க ரவுண்டு ரொம்பப் பெரிசு."

சுற்றா பெரியது? நாங்கள் பழகியதல்லவா சிறியது! ஏமாந்தது யார்? நானா? கடிகாரமா? பாவம், அவளுடைய கால்கள்!

மறுநாள் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். சைக்கிள் கொட்டகை மூலையை வெட்டினார்கள். அங்கே ஓடினேன். இங்கே வெட்டினார்கள். மாணவிகளைவிட நான்தான் அதிகம் ஓடினேன். சிரியுங்கள், எனக்கு நான்கு கிலோ குறைந்தது.

எக்ஸ்பிரஸின் அம்மா வந்தார். "டீச்சர், பக்கத்துல ஆள் நின்னாதான் அவ எதையும் செய்வா. வீட்டுலயும் நான் உக்காந்தாதான் புத்தகத்தைத் தொறக்குறா."

"இன்னும் எத்தனை வருஷம்மா உக்காருவீங்க?"

கேட்டது அவரிடம். உறைத்தது எனக்கு.

அன்று விசிலைக் கழற்றினேன். கடிகாரத்தையும் ஒரு நோட்டையும் அவள் கையில் கொடுத்தேன்.

"நீயே ஓடு, நீயே எழுது."

"நீங்க பாக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"நான் பொய் எழுதினா?"

"எழுது. பந்தயத்தன்னிக்கு உன் காலுக்குத் தெரிஞ்சுடும்."

முதல் பத்து நாள் அற்புதமான நேரங்கள். நான் நம்பவில்லை. கேட்கவும் இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எனக்கான பயிற்சி. பதினோராம் நாள் நோட்டில் ஒரு வரி: "மூணாவது சுத்துல மூலைய வெட்டிட்டேன். இது சேராது. மறுபடி முழுசா ஓடினேன்."

அதன் கீழே ஒரு நேரம். அதுவரை எழுதியவற்றிலேயே மோசமான நேரம்.

அவையோரே! அந்த மோசமான எண்ணைப் போல் அழகான எண்ணை நான் எந்த வரலாற்றிலும் படித்ததில்லை. அவளைப் பார்த்தது யார்? நான் பார்க்கவில்லை. அம்மா பார்க்கவில்லை. அவளை அவளே பார்த்தாள்!

விசிலுக்கு வரும் ஒழுங்கு விசிலுக்குச் சொந்தம். தனிமையில் வரும் ஒழுங்கே பிள்ளைக்குச் சொந்தம். எனவே பெற்றோரே, உங்கள் நாற்காலியைச் சற்றே தள்ளிப் போடுங்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருங்கள். அவர்கள் தவறட்டும். தவறியதைத் தாங்களே எழுதட்டும். எழுதிய கையை மட்டும் திட்டாதீர்கள்.

இன்று அவள் ஓடுகிறாள். வெல்வாளா? எனக்குத் தெரியாது. நான்கு சுற்றையும் முடிப்பாள், அது தெரியும். மேடை ஏறும் முன் அவளுடைய அம்மா கேட்டார்: "நான் அந்த மூலையில போய் நிக்கட்டுமா டீச்சர்?"

"வேணாம்மா. கோடு முடியுற இடத்துல நில்லுங்க."

தலைவர் அவர்களே, இதோ என் விசில். பந்தயத்தைத் தொடங்க ஒருமுறை ஊதுங்கள். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். வெயிலில் அமர்ந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஓடப்போகும் கால்களுக்கு என் வணக்கம்.