ஈரச் சாக்கு யாருக்கு?

தலைமையேற்று வீற்றிருக்கும் பெருந்தகையீர்! நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாய் வந்திருக்கும் மூத்தோரே! அடுப்பனலை விட்டெழுந்து தரையனலில் அமர்ந்திருக்கும் தாய்மாரே! கட்டடத் தொழிலாளத் தோழர்களே! வணங்கிப் பேசுவேன், வளைந்து பேச மாட்டேன்!

வெயிலை வானம் தந்தது. வெக்கையைத் தந்தது யார்? சாலையோர மரங்களைச் சாய்த்தது வானமா? ஏரியை மூடி மனை பிரித்தது வானமா? சுவரெங்கும் கண்ணாடி பதித்து எதிர்வீட்டார் முகத்தில் நெருப்பை எறிந்தது வானமா? இல்லை என்கிறீர்கள். இன்னும் உரக்கச் சொல்லுங்கள், நகரமன்றத்துக்குக் கேட்கட்டும்!

நேற்று நண்பகல். அந்த நகரமன்றத்துக்கென எழும் புதுக்கட்டடத்தின் மேல்தளம். புதிதாய்ப் போட்ட காங்கிரீட் வெடிக்காதிருக்க ஈரச் சாக்கு போர்த்தியிருந்தார்கள். அதன் ஓரமாகச் செங்கல் சுமந்து போன நம் சித்தாள் தங்கை சுருண்டு விழுந்தாள். உடல் கொதித்தது, நாக்குக் குழறியது. உடன் வேலை செய்த அவள் ஓரகத்தி ஓடி வந்தாள். தளத்தின் சாக்கை உருவித் தங்கையின்மேல் போர்த்தினாள். பாய்ந்து வந்தார் மேஸ்திரி.

“ஏம்மா, சாக்கை எடுத்தா தளம் வெடிச்சிடும்! யாரு பதில் சொல்றது?”

“இவ உசுரு போனா யாருண்ணே பதில் சொல்றது?”

“நிழல்ல கொண்டுபோய்ப் படுக்க வைம்மா!”

“நிழலா? எங்க இருக்குன்னு காட்டுங்க, தூக்கிட்டுப் போறேன்!”

கைதட்டுகிறீர்கள். பொறுங்கள்! மருத்துவமனையில் கண்விழித்த தங்கை முதலில் என்ன கேட்டாள் தெரியுமா? “அக்கா, சாக்கைத் திரும்பப் போட்டுட்டீங்களா?”

கல்லுக்குத் தாகம் எடுக்கும் என்று அவளுக்கும் கற்றுக்கொடுத்த நகரமே! அவளுக்குத் தாகம் எடுக்கும் என்று நீ கற்றது எப்போது?

வெயிலுக்குக் குடை பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்களாம் நகரமன்றத்தார். பின்வரிசைத் தம்பி கேட்கிறார்: “ரெண்டு கையும் செங்கல் சட்டியில இருக்கே, குடையைப் பல்லால கடிச்சுக்கவா?” சிரியுங்கள், சிரித்துவிட்டுச் சினங்கொள்ளுங்கள்! உச்சிவெயிலில் வேலையை நிறுத்து என்கிறோம்; விடியலில் தொடங்கி ஈடுசெய்ய நாங்கள் ஆயத்தம். வேலைத்தளத்தில் பந்தலும் குடிநீரும் வை. தெருவுக்கு மரம் நடு. நட்டதைப் படமெடுத்துவிட்டு ஓடாதே, நீர் ஊற்று! தகரக் கூரைக்கு வெள்ளை பூசு. வீட்டுக்குள்ளேயே வெந்துபோகும் முதியோருக்குக் குளிர்ந்த கூடம் ஒன்றைப் பகலெல்லாம் திறந்து வை. இது பிச்சையா? இந்நகரைக் கட்டிய கைகளின் உரிமை!

கேட்டது கிடைக்காவிட்டால் நாளை உச்சிவெயிலில் வேலையை விட்டுத் தளத்திலிருந்து இறங்குவோம் என்று அறிவித்தோம். “நாளைக்கு மதியம் இறங்குறவங்க, மறுபடி ஏற வேண்டாம்” என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். இறங்குவோம்! ஏற ஆளில்லாக் கட்டடம் எழுமா? அதையும் பார்ப்போம்!

முதலில் இறங்கப்போகிறவள் யார்? அதோ, முன்வரிசையில் இருக்கிறாள் அந்த ஓரகத்தி. எழுந்து நில்லம்மா! அடடா, அவள் ஒருத்தியைத்தானே அழைத்தேன்? அவை முழுவதும் எழுந்துவிட்டதே!

இனி என் பேச்சு எதற்கு? நின்ற கால்களுக்கு என் நன்றி. நாளை உச்சிப்பொழுதில், அந்தக் கட்டடப் படிக்கட்டின் அடியில் உங்களுக்காகக் காத்திருப்பேன். வணக்கம்!