இல்லாத ஆட்டுக்குக் கேட்ட துஆ

“அந்த ஆடே கிடையாதா?”

பெரியவர் போட்ட சத்தத்தில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். திருவாரூரிலிருந்து நாகூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் வயதான கணவனும் மனைவியும். அந்தம்மா மடியில் அப்போதுதான் வாங்கிய நீள நோட்டு இரண்டு.

“கிடையாதுங்க. பள்ளிக்கூடத்துல ஓயாம கதை எழுதுவேன். கல்யாணம் பேசுனதும் எங்க வாப்பா நோட்டையெல்லாம் எடைக்குப் போட்டுட்டாங்க. எழுதாம இருக்க முடியல. உங்களுக்குப் போட்ட கடுதாசியில எழுதுனேன். போன் வந்ததும் அதுவும் நின்னு போச்சு. இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் திரும்ப ஆரம்பிக்கிறேன்.”

“துபாய்ல ரூம்ல இருந்த எட்டு பேருக்கும் படிச்சுக் காட்டுனேன். நொண்டி ஆடு வாய்க்கால்ல விழுந்துருச்சுன்னு நீ எழுதுனப்ப எல்லாரும் உக்காந்து அல்லாகிட்ட துஆ கேட்டோம்!”

“துஆ கேட்டத நீங்கதான் எழுதியிருந்தீங்களே. அதனாலதான் அடுத்த கடுதாசியில பொழைக்க வச்சேன்.”

“லீவுல வந்தப்ப ஆடு எங்கன்னு கேட்டேனே?”

“காணாமப் போச்சுன்னு சொன்னேன்.”

அறுவடை மெஷின் ஒன்றுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. கீவளூர் தாண்டியது. பிறகு, அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எல்லாக் கடுதாசியிலயும் மொத வரியில, நான் இங்க சந்தோஷமா இருக்கேன்னு எழுதுவியே. அது?”

அந்தம்மா மேலே இருந்த நோட்டைத் தடவினார்.

“அதத்தாங்க இதுல எழுதப் போறேன்.”