எமெட் கட்டிய வண்டி

— "உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?" டெல்மர், கடைக்காரன் என்னை இப்படித்தான்ப்பா கேட்டான். ஆறு வருஷத்துக்கு முன்னால, பழைய சாமான் சந்தையில. ஒரு பல்சக்கரத்தைக் கையில வச்சுக்கிட்டு முழிக்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகலைன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

— நீ என்ன சொன்ன வெல்டா?

— கார்ல உக்காந்திருக்காருன்னேன்.

— அடிப்பாவி!

— வாய்ல வந்துடுச்சு. அடுத்து, பேரென்னங்கிறான். எதிர்க் கடைப் பலகையில "எமெட் வாத்து முட்டை"ன்னு எழுதியிருந்துச்சு. எமெட்னுட்டேன்.

— வாத்து முட்டையைக் கட்டிக்கிட்ட.

— ஆறு வருஷமா ஒரு சண்டை சச்சரவு இல்லை எங்களுக்குள்ள. உதிரி சாமான் கேட்டுக் கடிதம் போடுறது எமெட். பிஸ்டன் அளவு தப்புன்னு திருப்பி அனுப்புறது எமெட். யாராவது போன் பண்ணினா, அவர் குளிக்கிறாரும்பேன்.

— ஆறு வருஷமாவா குளிக்கிறான்?

— சுத்தமான மனுஷன்ப்பா. இப்பத்தான் மாட்டிக்கிட்டேன். சனிக்கிழமை கண்காட்சி மைதானத்துல பழைய பந்தய மோட்டார் சைக்கிளுங்க நாலு சுத்து ஓடப்போகுது. என் வண்டியையும் விடுறதா வேணாமான்னு பார்க்க, கிளப்ல இருந்து மிஸ்டர் புரூபேக்கர் இன்னும் பத்து நிமிஷத்துல வர்றார். கட்டின ஆள் கண்டிப்பா கூட இருக்கணுமாம்.

— அதான் நீ இருக்கியே.

— நான் எங்க இருக்கேன்? கிளப்புக்குக் குடுத்த படிவத்துல எமெட்தானே இருக்கார்.

— அடிச்சுட்டு உன் பேரை எழுது.

— பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிட்டா "இருக்கேன்"னு சொல்ல வாய் வராம, முதல் வரிசையில உக்காந்துக்கிட்டே மூணு மாசம் ஆப்சென்ட் வாங்கினவ நான். அப்புறம் நிஜமாவே போறதை நிறுத்திட்டேன். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. நானாவது, அவர் முன்னால நின்னு பேசுறதாவது!

— ஏய், அழுறியா?

— பெட்ரோல் வாடைப்பா, கண்ணு எரியுது. டெல்மர், பக்கத்து வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. என் தபாலைக் கொண்டு வந்து போடுறதைத் தவிர உன்னை ஒரு உதவி கேட்டிருக்கேனா? ஒரு அரை மணி நேரம் எமெட்டா இருந்துட்டுப் போயேன்.

— என்ன கேட்டா என்ன சொல்றது?

— ஐம்பத்தி நாலாம் வருஷத்து வண்டின்னு சொல்லு. பன்றிக் கொட்டகையில கிடந்துச்சுன்னு சொல்லு. நான் போனப்போ சீட்டு மேல கோழி அடைகாத்துக்கிட்டிருந்துச்சு. அது எந்திரிக்கட்டும்னு மூணு வாரம் காத்திருந்தேன். அதைச் சொல்லாத, மானம் போயிடும். பிரேக் எங்கன்னு கேட்டா, இல்லைன்னு சொல்லு.

— பழுதா?

— கிடையவே கிடையாது. மண் பாதையில ஓடுற பந்தய வண்டிக்கு அந்தக் காலத்துல பிரேக் வைக்க மாட்டாங்க.

— அப்ப எப்படி நிக்கும்?

— என் பொய் மாதிரிதான். எங்கேயாவது போய் மோதினா நிக்கும்.

— சரி தாயே. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். சனிக்கிழமை ஒலிபெருக்கியில, கட்டினவர் பேரைச் சொல்லுவாங்கல்ல?

— சொல்லுவாங்க.

— ஊரே உக்காந்திருக்கும். எமெட்னு சொல்லுவாங்க. உனக்குப் பரவாயில்லையா?

— பரவாயில்லைன்னுதான் நேத்து வரைக்கும் நினைச்சேன். நேத்து ராத்திரி பெட்ரோல் தொட்டியைத் துடைச்சுக்கிட்டே, அவங்க சொல்ற மாதிரி என் பேரை வாய்க்குள்ள சொல்லிப் பார்த்தேன். அதுக்கே வேர்த்துடுச்சு. சரி விடு, கார் சத்தம் கேக்குது. தொப்பியை ஏன் மூக்கு வரைக்கும் இழுத்து விட்டிருக்க?

— பொய் சொல்ற மூஞ்சி வெளிய தெரிய வேணாம்னுதான்.

— உள்ள வரலாமா? நான் புரூபேக்கர். நீங்கதானே எமெட் மோர்? கையைக் குடுங்க ஐயா. உதிரி சாமான் கேட்டு எங்க கிளப்புக்கு நீங்க போடுற கடிதங்களாலே எங்க வீட்ல ஒரே சண்டை. "இந்த மனுஷன் ஒரு வால்வைப் பத்தி எழுதுற அழகுக்கு, நீங்க என்னைப் பத்தி ஒரு வரி எழுதியிருப்பீங்களா?"ங்கிறா என் வீட்டுக்காரி.

— ஏதோ கை போற போக்குல எழுதறது சார்.

— நீங்க அவர் சம்சாரமாம்மா?

— ம்.

— காபி எல்லாம் வேணாம்மா. எமெட், எஞ்சினை எத்தனை தடவை பிரிச்சுக் கோத்தீங்க?

— ஒரு தடவை.

— ம்க்கும்.

— என்னம்மா, உடம்பு சரியில்லையா?

— தொண்டையில தூசி சார். நாலு நாளா இப்படித்தான், நாலு.

— நாலு தடவை சார். நாலு.

— அப்படியா. சரி, எங்க வழக்கம் தெரியும்ல? அன்னைக்கு ஓட்டப்போறது கிளப் ஆள்தான். ஆனாலும் முதல்ல கட்டினவர்தான் ஏறி உக்காரணும். அந்த ஒத்தை இரும்புச் செருப்பை மாட்டிக்கிட்டு ஏறுங்க.

— இதோ சார். வாரை இறுக்கிட்டேன். ஏறிட்டேன். எப்படி?

— எமெட், செருப்பை எந்தக் கால்ல மாட்டியிருக்கீங்க?

— வலது கால்ல சார். கச்சிதமா இருக்கு.

— ஐயோ.

— முப்பத்தஞ்சு வருஷமா அந்த மைதானத்துல நிக்கிறேன். எல்லா வண்டியும் இடது பக்கம் மட்டும்தான் திரும்பும். இடது காலை மண்ணுல தேய்ச்சுக்கிட்டே திருப்புவாங்க, அந்தக் காலுக்குத்தான் இந்த இரும்பு. இந்த ஊர்ல நடக்கப் பழகுற குழந்தைக்கும் இது தெரியும். இந்த வண்டியை நீங்க கட்டலை ஐயா.

— நான்தான் சார் கட்டினேன்.

— வேற யாரோ உழைச்சதை உங்க பேர்ல கொண்டு வர்றீங்க. எனக்கு அது பிடிக்காது. படிவத்தைக் கிழிச்சுடுறேன். சனிக்கிழமை இந்த வண்டி வர வேணாம்.

— கிழிக்காதீங்க!

— யாரு பேசினது?

— நான்தான் சார். கிழிக்காதீங்க. நான்தான் கட்டினேன்.

— நீங்களா? நாலு தடவை பிரிச்சது?

— ஆமா சார். நாலாவது தடவை தேவையே இல்லை. என் தோடு உள்ள விழுந்துடுச்சு.

— சக்கரக் கம்பியெல்லாம் யார் கோத்தது?

— நான்தான். முதல் தடவை சக்கரம் முட்டை மாதிரி வந்துச்சு. அடுத்த தடவை உருளைக்கிழங்கு மாதிரி. பதினோராவது தடவைதான் வட்டம்.

— புகைக்குழாய் ரெண்டும் ஏன் வலது பக்கமா, இவ்வளவு உசரத்துல போகுது?

— இடது பக்கம் சாயும்போது மண்ணுல உரசக் கூடாதுன்னு சார்.

— அந்தக் கடிதங்க?

— எல்லாம் என் கையெழுத்து. எமெட்னு ஒருத்தரே கிடையாது. அது வாத்து முட்டை.

— வாத்து…?

— எனக்குக் கல்யாணமே ஆகல சார். வாய் கூசி ஒரு பொய் சொன்னேன், அது நிக்கவே இல்லை. திட்டுறதா இருந்தா நல்லாத் திட்டுங்க, கேட்டுக்கிறேன். ஆனா எமெட்டை அடிச்சுட்டு வெல்டா மோர்னு எழுதுங்க.

— காதுல சரியா விழலையேம்மா.

— வெல்டா மோர்!

— அம்மாடி, அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும். எழுதிட்டேன். சனிக்கிழமை இதே பேரைத்தான் சொல்லுவாங்க. பயந்துக்கிட்டு எங்கேயாவது ஒளிஞ்சுக்க மாட்டீங்களே?

— ஒளிவேன் சார். ஆனா காதுல விழுற தூரத்துலதான் ஒளிவேன்.

— அது போதும். அப்ப வண்டி மேல திருதிருன்னு உக்காந்திருக்காரே, இவர் யாரு?

— பாவம் சார், பக்கத்து வீட்டுக்காரர். எங்க தெருவுக்குத் தபால் கொண்டு வர்றவர். இதுல அவர் தப்பு ஒண்ணும் இல்லை, நான்தான் கெஞ்சிக் கூப்பிட்டேன். டெல்மர் கோப்.

— கோப்பா? டெல்மர் கோப்பா?

— ஆமா சார். டெல்மர், எங்கப்பா இறங்கிப் போற? நில்லு. சார் கோவப்படலை. டெல்மர்! பாருங்க சார், செருப்பைக் கழட்டி வச்சுட்டு வேலியைத் தாண்டிப் போறார். வண்டியைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாத மனுஷனை இழுத்துட்டு வந்து அசிங்கப்படுத்திட்டேன்.

— தெரியாதாமா? இருபது வருஷம் முன்னால, இதே மைதானத்துல, ரெண்டு வருஷம் தொடர்ந்து கோப்பையைத் தூக்கிட்டுப் போனவன்மா அவன். கொடி ஆட்டினதே நான்தான். செருப்பை எந்தக் கால்ல மாட்டணும்னு அவனுக்கா தெரியாது?